கல்யாணமானால் இனிஷியலை மாற்றியே ஆக வேண்டுமா?

ஜனவரி 5, ஒரு வாசகியின் கேள்வி

கல்யாணம் முடிந்து சில மாதங்கள்தான் ஆகின்றன. ஆதார், பான், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாவற்றிலும் கணவர் இனிஷியலுக்கு மாற்றிவிடு என்று மாமியார் வீட்டில் தினமும் சொல்கிறார்கள். "சட்டப்படி மாற்றணும், இல்லாவிட்டால் நாளைக்கு சொத்து, பென்ஷன் எதுவும் வராது" என்கிறார் மாமனார். என் சர்டிஃபிகேட்டுகள், வேலை, பி.எஃப். எல்லாம் அப்பா இனிஷியலில் இருக்கின்றன. அப்படி ஒரு சட்டம் உண்மையிலேயே இருக்கிறதா?

ஜனவரி 5, இரவு

இல்லை. இந்து திருமணச் சட்டம் (1955) மணப்பெண்ணின் பெயர் மாற வேண்டும் என்று எங்குமே சொல்லவில்லை. சிறப்புத் திருமணச் சட்டமும் (1954) சொல்லவில்லை. தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி எல்லாத் திருமணங்களையும் 90 நாளுக்குள் பதிவு செய்ய வேண்டும். பதிவு செய்வதுதான் கட்டாயம், பெயரை மாற்றுவது கட்டாயமில்லை. வீட்டுப் பெரியவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார்கள்.

சொத்து விஷயத்தில் மாமனார் சொல்வது சரியில்லை. இந்து வாரிசுரிமைச் சட்டத்தில் மனைவி முதல் வகுப்பு வாரிசு. அவள் மனைவி என்பதுதான் கணக்கு, இனிஷியல் அல்ல. குடும்ப ஓய்வூதியமும் அப்படித்தான். கணவருடைய பணிப்பதிவேட்டில், குடும்ப விவரத்தில் உங்கள் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். உங்கள் ஆவணங்களில் எப்படி இருக்கிறதோ அதே எழுத்தில் அங்கேயும் எழுதச் சொல்லுங்கள். நீங்கள் செய்ய வேண்டிய வேலை அது ஒன்றுதான்.

பாஸ்போர்ட்டைப் பொறுத்தவரை, 2016 டிசம்பரில் வெளியுறவு அமைச்சகம் விதிகளைத் தளர்த்தியது. திருமணச் சான்று கொடுக்க வேண்டியதில்லை, பெற்றோரில் ஒருவர் பெயர் போதும், விவாகரத்தானவர்கள் முன்னாள் துணையின் பெயரைச் சொல்லத் தேவையில்லை என்று அப்போதே அறிவித்துவிட்டார்கள். கல்யாணத்துக்குப் பிறகு பாஸ்போர்ட்டில் பெண்கள் பெயரை மாற்ற வேண்டாம் என்று 2017 ஏப்ரலில் பிரதமரே பேசினார். கணவர் பெயருக்கென்று பாஸ்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் தனி இடம் இருக்கிறது. அவரை அங்கே எழுதுங்கள், உங்கள் பெயருக்குள் எழுத வேண்டாம்.

ஜனவரி 6, காலை

பான் பற்றி எழுத விட்டுப்போனது. பான் விண்ணப்பப் படிவத்தில் தெளிவாகவே இருக்கும்: திருமணமான பெண்களும் தந்தை பெயரைத்தான் எழுத வேண்டும். கணவர் பெயருக்கு அங்கே இடமே கிடையாது. 2018 டிசம்பர் 5 முதல், தாய் மட்டுமே வளர்த்த பிள்ளைகள் தந்தை பெயரே இல்லாமல் பான் வாங்கலாம் என்றும் விதி வந்தது. ஆக, வருமான வரித்துறைக்கு உங்கள் கணவர் யாரென்று தெரிய வேண்டியதில்லை. திருமணமான பெண்களின் வாக்காளர் அட்டையை எடுத்துப் பாருங்கள், அங்கே பெரும்பாலும் கணவர் பெயர் அச்சாகியிருக்கும். ஒரே அரசாங்கத்தின் இரண்டு அட்டைகளில் நீங்கள் இரண்டு ஆண்களை வைத்து அடையாளம் காணப்படுகிறீர்கள்.

ஜனவரி 6, இரவு

"சட்டம் கிடக்கட்டும், நடைமுறையில் மாற்றிவிட்டால்தான் நிம்மதி" என்று ஒரு அண்ணன் எழுதியிருக்கிறார். நடைமுறையைத்தான் நான் வேலை பார்த்த காலம் முழுக்கப் பார்த்தேன். ஒரு வங்கியில் கிளார்க்காகச் சேர்ந்து, கிளை மேலாளராக ஓய்வு பெற்றவள் நான். பெயர் பொருந்தவில்லை என்று கவுன்டரில் வந்து நின்றவர்களில் ஆண்கள் மிகக் குறைவு. வந்தாலும் ஸ்பெல்லிங் பிரச்சினையாக இருக்கும், முத்துவில் ஒரு 'எச்' கூடியிருக்கும், அவ்வளவுதான். இனிஷியலே வேறாகி வந்து நின்றவர்கள் எல்லாரும் பெண்கள்.

ஒருவரைச் சொல்கிறேன். அறுபதைத் தாண்டியவர், கணவர் இறந்து சில வாரம். கல்யாணத்துக்கு முன் டீச்சர் வேலை பார்த்தபோது போட்ட பணத்தை வளர்த்து வளர்த்து டெபாசிட்டாக வைத்திருந்தார். டெபாசிட் ரசீதில் 'ஆர்'. ஆதாரில் 'எம்'. ரேஷன் அட்டையில் இனிஷியலே இல்லாமல் பெயர் மட்டும். மஞ்சள் பையிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்து கவுன்டரில் பரப்பினார். பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டை லேமினேட் செய்து வைத்திருந்தார். ஓரம் மஞ்சளாகிப் போயிருந்தது, ஆனால் அப்பா பெயர் தெளிவாகத் தெரிந்தது. கல்யாணப் பத்திரிகைகூட இருந்தது. பத்திரிகையில் மணமகள் பெயருக்கு முன் இருந்த எழுத்தும் ரசீதில் இருந்த எழுத்தும் ஒன்று. இதற்கு மேல் என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் பத்திரிகை எங்கள் ஆவணப் பட்டியலில் இல்லை. இரண்டு பெயரும் ஒரே நபர்தான் என்று வி.ஏ.ஓ., தாசில்தார் வழியாகச் சான்று வாங்கி வரச் சொன்னோம். அவர் அலைந்து வாங்கி வந்தார். அது அவருடைய பணம். அவரே சம்பாதித்தது.

அவர் கணவருடைய கணக்கையும் அதே வாரம் முடித்துக் கொடுத்தோம். அந்தக் கோப்பில் பெயர்ச் சிக்கல் எதுவும் இல்லை. பள்ளிச் சான்றிலிருந்து இறப்புச் சான்று வரைக்கும் அவருக்கு ஒரே பெயர்.

அண்ணனிடம் நான் கேட்பது ஒன்றுதான். மாற்றினால் நிம்மதி என்றால், மாற்றிய அந்த அம்மாவுக்கு ஏன் நிம்மதி இல்லை?

ஜனவரி 7

ஒரு அவசரக் குறிப்பு. ஆதாரில் பெயரை வாழ்நாளில் இரண்டு முறைதான் மாற்ற முடியும். மாமியார் வீட்டுச் சமாதானத்துக்காக ஒன்றைச் செலவழித்துவிட்டு, பி.எஃப். பணம் எடுக்கும்போது மாட்டிக்கொண்டு பழைய பெயருக்குத் திரும்பினால் இரண்டும் முடிந்துவிடும். அப்புறம் நிஜமாகவே எழுத்துப் பிழை வந்தால் கெசட் (அரசிதழ்) அறிவிப்பையும் ஆதார் மண்டல அலுவலகத்தையும் தேடி ஓட வேண்டியிருக்கும். வருங்கால வைப்பு நிதியில் (பி.எஃப்.) ஆதார் பெயரும் யு.ஏ.என். என்ற பி.எஃப். கணக்கு எண்ணில் உள்ள பெயரும் பொருந்தாவிட்டால் சிலருக்குக் கூட்டு உறுதிமொழிப் படிவம் கொடுக்க வேண்டி வரும், அதில் முதலாளி கையெழுத்தும் தேவைப்படலாம். பழைய கம்பெனியை மூடிவிட்டுப் போயிருந்தால் அந்தக் கையெழுத்துக்கு எங்கே போவீர்கள்?

ஜனவரி 9

"நமக்குக் குடும்பப் பெயரே கிடையாது, தமிழ்நாட்டில் இந்தப் பிரச்சினையே இல்லை" என்று இரண்டு மூன்று பேர் எழுதியிருக்கிறார்கள்.

பாதி சரி. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் நடந்த முதல் சுயமரியாதை மாகாண மாநாட்டில் பெயருக்குப் பின்னால் சாதிப் பட்டம் போடுவதை விட வேண்டும் என்று தீர்மானம் போட்டார்கள். அந்த மேடையிலேயே பட்டத்தை விட்டவர்கள் உண்டு. அது எவ்வளவு பெரிய காரியம் என்பது மற்ற மாநிலங்களில் வேலை பார்த்தால்தான் தெரியும். நான் சில காலம் வெளிமாநிலத்தில் இருந்தேன். பெயரைச் சொன்னதும் "முழுப் பெயர்?" என்று கேட்பார்கள். அவர்கள் கேட்டது என் பெயரை அல்ல.

அதே மாநாட்டில் பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்றும் தீர்மானம் வந்தது. சாதிப் பெயரைத் தமிழ்நாடு பெருமளவு உதறிவிட்டது. அந்த இடத்துக்கு அப்பா பெயரின் முதல் எழுத்து வந்தது. ஆணுக்கு அது கடைசிவரை நிற்கிறது, பெண்ணுக்குத் தாலி ஏறியதும் மாறுகிறது. எனவே "பிரச்சினையே இல்லை" என்று சொல்ல முடியாது. வடக்கே ஒரு பெண் பெயரின் பின்பாதியை மாற்றுகிறாள், இங்கே முன்னால் நிற்கும் ஒற்றை எழுத்தை மாற்றுகிறாள். அலைச்சல் அதே அலைச்சல்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கிறது. வடக்கே குடும்பப் பெயர் என்பது அந்த வீட்டில் எல்லாருக்கும் பொது. இங்கே கணவருடைய சொந்தப் பெயரே நம் பெயரின் தலையில் வந்து உட்காருகிறது. கணவன் பெயரை வாயால் சொல்லக்கூடாது என்று வளர்க்கப்பட்ட என் பாட்டியின் தலைமுறைக்கும் கையெழுத்தில் மட்டும் அந்த எழுத்து கட்டாயமாக இருந்தது.

ஜனவரி 10

நேற்றைய குறிப்பைப் படித்துவிட்டு ஒருவர் கேட்டிருக்கிறார்: "அப்பா இனிஷியலும் ஆண் பெயர்தானே? அப்பாவுக்குப் பதில் கணவர், இதில் என்ன சமத்துவம் கெட்டுவிட்டது?"

நல்ல கேள்வி. நேற்று இரவு முழுக்க இதுதான் மனதில் ஓடியது. அப்பா பெயரும் நான் தேர்ந்தெடுத்ததில்லை, உண்மை. ஆனால் நான் பிறந்தபோது அது என் அண்ணனுக்கும் எனக்கும் ஒரே மாதிரிதான் வந்தது. அண்ணனுக்கு அது அப்படியே இருக்க, என்னுடையதை மட்டும் ஏன் இடையில் மாற்ற வேண்டும் என்பதுதான் என் கேள்வி.

அப்புறம், தமிழில் இனிஷியல் எப்போதும் ஆணுடையதாக இருந்ததில்லை. எம்.எஸ். சுப்புலட்சுமியின் 'எம்' மதுரை, 'எஸ்' சண்முகவடிவு. அவருடைய அம்மா, வீணைக் கலைஞர். 1940இல் சதாசிவத்தை மணந்த பிறகும் அந்த எழுத்துகள் மாறவில்லை. உலகம் முழுக்க 'எம்.எஸ்.' என்றே சொன்னது, அந்த இரண்டாவது எழுத்து ஒரு அம்மாவின் பெயர் என்று நினைத்துப் பார்த்தவர்கள் எத்தனை பேரோ! எம்.எல். வசந்தகுமாரியின் 'எல்' லலிதாங்கி, அவருடைய அம்மா, அவரும் பாடகி. இசைவேளாளர் குடும்பங்களில் பெண் வழியாகப் பெயர் போனது சாதாரணமாக இருந்தது. அந்தப் பெண்களைச் சமூகம் நடத்திய விதத்தில் பெருமைப்பட ஒன்றுமில்லை, அது வேறு பெரிய கதை. ஆனால் அம்மாவின் எழுத்தைச் சுமந்த பெயர்களைத்தான் தமிழ்நாடு தலையில் வைத்துக் கொண்டாடியது. "அம்மா இனிஷியலா, கேள்விப்பட்டதே இல்லையே" என்று யாரும் சொல்ல முடியாது.

ஜனவரி 10, இரவு

டி.கே. பட்டம்மாளையும் அந்தப் பட்டியலில் சேர்க்கலாமா என்று ஒரு தம்பி கேட்கிறார். இல்லை. 'டி' தாமல், ஊர். 'கே' கிருஷ்ணசாமி, அப்பா. ஆனால் கல்யாணத்துக்குப் பிறகும் மாறாத பெயர் என்ற பட்டியலில் அவருக்கும் இடம் உண்டு. மேடைக்கு வந்த பெண்களின் பெயர் நின்றது. வீட்டில் இருந்த பெண்களின் பெயர்தான் மாறியது.

ஜனவரி 13

முதல் பொதுத் தேர்தல் கதை இங்கே பொருந்தும். 1951-52க்கு வாக்காளர் பட்டியல் தயாரித்தபோது சுமார் 8 கோடி பெண்கள் தகுதி பெற்றிருந்தார்கள். அவர்களில் ஏறக்குறைய 28 லட்சம் பேர் தங்கள் பெயரைச் சொல்லவே இல்லை. 'இன்னாருடைய மனைவி', 'இன்னாருடைய அம்மா' என்று மட்டும் எழுதச் சொன்னார்கள். பெரும்பாலும் பீகார், உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் போன்ற வட பகுதிகளில். முதல் தலைமைத் தேர்தல் ஆணையர் சுகுமார் சென் அதை ஏற்கவில்லை. வாக்காளருக்குச் சொந்தப் பெயர் வேண்டும் என்று உறுதியாக நின்றார். பெயர் சொல்லாதவர்கள் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டார்கள்.

அந்த 28 லட்சம் பேருக்கும் ஓட்டுரிமை பறிபோனதை நினைத்தால் வயிறு எரிகிறது. அவர்கள் பெயரை வெளி ஆணிடம் சொல்லக்கூடாது என்று வைத்திருந்தவர்கள் அவர்கள் வீட்டு ஆண்கள்தான். தண்டனை அந்தப் பெண்களுக்கு வந்தது. ஆனாலும் சென் எடுத்த நிலை சரி என்றுதான் நினைக்கிறேன். இன்னார் மனைவி என்றே பட்டியலில் ஏற்றியிருந்தால் இன்றுவரை அப்படியே இருந்திருக்கும்.

ஜனவரி 13, சற்றுப் பிறகு

பழைய கதை எதற்கு என்று கேட்காதீர்கள். 2025 நவம்பரில் நம் வீடுகளுக்கே வாக்காளர் பட்டியல் சிறப்புத் தீவிரத் திருத்தப் படிவம் வந்ததே, ஞாபகம் இருக்கிறதா? பழைய பட்டியலில் (2002, 2005) உங்கள் பெயர் எங்கே இருந்தது, இல்லாவிட்டால் பெற்றோர் பெயர் எங்கே இருந்தது என்று கேட்டது. கல்யாணமாகி வந்த பெண்களுக்கு அது எவ்வளவு சிரமமாக இருந்தது என்று எங்கள் தெருவிலேயே பார்த்தேன். அப்போது பிறந்த ஊரில் அப்பா பெயரோடு இருந்தார்கள். இப்போது வேறு ஊரில் கணவர் பெயரோடு இருக்கிறார்கள். என் பக்கத்து வீட்டுப் பெண் போனில் அவள் அம்மாவிடம் "நம்ம பூத் எந்தப் பள்ளிக்கூடம்மா?" என்று கேட்டுக் கேட்டு எழுதிக்கொண்டிருந்தாள். அவள் கணவர் அதே தெருவில் பிறந்தவர். அவர் படிவத்தை நின்றுகொண்டே நிரப்பிக் கொடுத்துவிட்டார்.

எல்லாரும் கணவர் பெயரை எழுது எழுது என்று இருபது வருடம் சொன்னார்கள். அத்தாட்சி தேவைப்பட்ட அன்றைக்கு அப்பா பெயரைக் கேட்டார்கள்.

ஜனவரி 17

பொங்கலுக்கு ஊருக்குப் போயிருந்ததால் எழுதவில்லை. இதற்கிடையில் "நீங்கள் மாற்றினீர்களா, அதைச் சொல்லுங்கள் முதலில்" என்று கேட்டிருக்கிறார்கள்.

நான் மாற்றவில்லை. ஆனால் அது நான் பெரிய போராட்டம் நடத்திப் பெற்றதில்லை. கல்யாணத்துக்கு முன்பே வங்கி வேலையில் இருந்தேன். பெயரை மாற்ற வேண்டுமென்றால் தலைமை அலுவலகத்துக்கு எழுதி, பேப்பரில் விளம்பரம் கொடுத்து, கெசட் வாங்கி வர வேண்டும் என்று எங்கள் மேலாளர் சொன்னார். என் மாமியார் அதைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு வேலையா? சம்பளம் ஒழுங்கா வரட்டும், விடு" என்றார். என் பெயரைக் காப்பாற்றியது என் சம்பளம்தான். வேலைக்குப் போகாத என் நாத்தனாருக்கு அந்த வாய்ப்பு இல்லை. அவர் கல்யாணமாகிப் போனதும் ரேஷன் அட்டையில் சேர்த்தபோது எழுதுபவரே கணவர் இனிஷியலைப் போட்டுவிட்டார். யாரும் அவரைக் கேட்கவில்லை. அவரும் கேட்கவில்லை. அங்கிருந்து வாக்காளர் அட்டைக்குப் போய், அங்கிருந்து ஆதாருக்குப் போனது.

இந்த இழையில் யாரும் சொல்லாத விஷயம் இதுதான் என்று நினைக்கிறேன். பெரும்பாலான பெண்களுக்குப் பெயர் மாறுவது ஒரு முடிவாக நடப்பதில்லை. யாரோ ஒரு எழுத்தர் ஒரு கட்டத்தில் எழுதுகிறார், அடுத்த அலுவலகம் அதைப் பார்த்து எழுதுகிறது. கெசட் கிடையாது, விளம்பரம் கிடையாது, ஒரு கையெழுத்து கிடையாது. மாறும்போது யாரும் அத்தாட்சி கேட்பதில்லை. பழைய பெயரில் இருக்கும் ஒன்றைத் திரும்பக் கேட்கும்போதுதான் எல்லாரும் அத்தாட்சி கேட்கிறார்கள்.

ஜனவரி 18

"வெளிநாட்டில் இதெல்லாம் எப்போதோ தீர்ந்துவிட்டது" என்பவர்களுக்கு: ஜப்பானைப் பாருங்கள். அங்கே சிவில் சட்டம் 750ஆம் பிரிவுப்படி கணவன் மனைவி இருவருக்கும் ஒரே குடும்பப் பெயர்தான் இருக்க வேண்டும். யாருடையது என்று சட்டம் சொல்லவில்லை, பேப்பரில் முழுச் சமத்துவம். நடப்பில் சுமார் 95 சதவீதம் தம்பதிகளில் பெண்தான் மாற்றுகிறாள். அங்கே உச்ச நீதிமன்றம் 2015இலும் 2021இலும் இந்தச் சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. பெண் அதிகாரிகள் இரண்டு பெயரோடு வெளிநாட்டுப் பயணத்தில் மாட்டிக்கொள்கிறார்கள் என்று அந்த நாட்டின் பெரிய முதலாளிகள் கூட்டமைப்பே 2024இல் அரசிடம் மாற்றம் கேட்டது.

கனடாவில் கியூபெக் நேர் எதிர். 1981 ஏப்ரலிலிருந்து அங்கே கல்யாணத்தால் பெயர் மாறாது, மாற்றிக்கொள்ளக் கேட்டாலும் சாதாரணமாகக் கொடுக்க மாட்டார்கள். மொன்ட்ரியலில் இருக்கும் நம் ஆட்களைக் கேட்டால் சொல்வார்கள். டொரொன்டோ போனால் விதி வேறு. பிரான்ஸில் பிறந்த பெயர்தான் சட்டப் பெயர், 1794இலிருந்தே. கணவர் பெயரைப் புழக்கத்துக்குச் சேர்த்துக்கொள்ளலாம், அடையாள அட்டையில் இரண்டும் தனித்தனியாக இருக்கும். எனக்குப் பிடித்தது பிரான்ஸ் முறை. கியூபெக் நல்லெண்ணத்தில் செய்திருக்கிறது, ஆனால் விரும்பி மாற்ற நினைக்கும் பெண்ணையும் தடுக்கிறது.

ஜனவரி 18, இரவு

வெளிநாட்டுப் பேச்சு வந்ததால் இன்னொரு தலைவலி. ஒரு தங்கை எழுதியிருக்கிறார்: பாஸ்போர்ட்டில் அவர் பெயர் மட்டும்தான் இருக்கிறது, குடும்பப் பெயர்க் கட்டம் காலி, துபாயில் இருக்கும் கணவரைப் பார்க்கப் போக வேண்டும். இதற்காகக் கணவர் பெயரைச் சேர்த்தே ஆகணும் என்று டிராவல்ஸில் சொன்னார்களாம்.

2022 நவம்பர் 21 முதல் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டோடு பார்வையாளர் விசாவில் வருபவர்களை அனுமதிப்பதில்லை என்றது. பிறகு பாஸ்போர்ட்டின் இரண்டாம் பக்கத்தில் தந்தை பெயரோ குடும்பப் பெயரோ இருந்தால் ஏற்போம் என்று விளக்கம் வந்தது. எனவே முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள். புதிதாகச் சேர்ப்பதாக இருந்தாலும் இனிஷியலை விரித்து அப்பா பெயரையே குடும்பப் பெயர்க் கட்டத்தில் போடலாம். கணவர் பெயர்தான் வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. அமெரிக்காவிலும் இந்தக் கட்டம் காலியாக இருந்து, விசாவில் முதல் பெயருக்குப் பதில் 'எஃப்.என்.யு.' (முதல் பெயர் தெரியாது என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்று அச்சாகி, வாடகை வீடு தேடும் இடம் வரை விளக்கம் சொல்லிக்கொண்டிருக்கும் பெண்களை எனக்குத் தெரியும்.

ஜனவரி 20

இன்று வந்த தனிச்செய்தி ஒன்று. யாரென்று சொல்லவில்லை. விவாகரத்து வழக்கு நடக்கிறது, கல்யாணத்தின்போது எல்லாவற்றையும் மாற்றிவிட்டார், இப்போது பழைய பெயருக்குத் திரும்ப வேண்டும்.

இதே நிலையில் இருந்த ஒரு பெண் 2024இல் தில்லி உயர் நீதிமன்றத்துக்குப் போனார். மத்திய அரசின் கெசட்டில் பெயர் மாற்றத்துக்கு ஒரு அறிவிப்பு இருந்தது: கணவர் பெயரை விட்டுப் பிறந்த வீட்டுப் பெயருக்குத் திரும்ப விரும்பும் பெண் விவாகரத்துத் தீர்ப்பைக் காட்ட வேண்டும், அல்லது கணவரின் தடையின்மைக் கடிதம் கொண்டுவர வேண்டும். அது சமத்துவ உரிமைக்கு எதிரானது என்பது அவர் வாதம். நீதிமன்றம் அரசிடம் பதில் கேட்டு நோட்டீஸ் அனுப்பியது.

கணவரின் தடையின்மைக் கடிதம்! அவருடைய பெயரை எடுத்துக்கொள்ளும்போது யாரும் அவரிடம் கடிதம் கேட்கவில்லை. கொடுத்துவிட்டு வெளியே போவதற்கு அவர் சம்மதம் வேண்டும் என்றால், வழக்கில் எதிர் எதிராக நிற்கும் மனிதரிடம் போய் என் பெயரைக் கொடுங்கள் என்று கெஞ்ச வேண்டும். இதை எழுதியவர்கள் ஒரு நிமிடம் யோசித்திருந்தால் எழுதியிருக்க மாட்டார்கள்.

தனிச்செய்தி அனுப்பிய அம்மாவுக்கு: தமிழ்நாட்டு அரசிதழுக்கு வேண்டிய ஆவணங்கள் வேறு, எழுதுபொருள் மற்றும் அச்சுத்துறையின் படிவத்தைப் பாருங்கள். பாஸ்போர்ட்டுக்கு முன்னாள் கணவர் பெயர் தேவையில்லை என்பதை முதல் நாளே எழுதியிருக்கிறேன். வழக்கு முடிந்ததும் தீர்ப்பின் சான்றிட்ட நகல்களைக் கூடுதலாகவே வாங்கி வையுங்கள்.

ஜனவரி 22

"அக்கா, மாற்ற விரும்புபவர்களை ஏன் குற்றவாளி மாதிரி பேசுகிறீர்கள்?" என்று ஒரு தங்கை கோபப்பட்டிருக்கிறார்.

அப்படி நான் பேசவே இல்லை. விரும்பி மாற்றுங்கள். அப்பாவோடு நல்ல உறவு இல்லாதவர்கள், கணவர் பெயரைச் சேர்ப்பதில் மகிழ்ச்சி அடைபவர்கள், குழந்தையோடு ஒரே இனிஷியல் வேண்டும் என்பவர்கள் எத்தனையோ பேர். ஆனால் மாற்றுவதாக இருந்தால் நீங்களே, முறையாக மாற்றுங்கள். எழுத்தர் போட்டுவிட்டுப் போகிற மாதிரி விடாதீர்கள்.

தமிழ்நாடு அரசிதழில் ஆறாம் பகுதி, நான்காம் பிரிவில் தனியார் பெயர் மாற்ற அறிவிப்புகள் வரும். நேரம் கிடைத்தால் ஒரு இதழைத் திறந்து பாருங்கள். பக்கம் பக்கமாக ஒரே வார்ப்பு: பழைய பெயர், இன்னாருடைய மகன் அல்லது மகள் அல்லது மனைவி, பிறந்த தேதி, சொந்த மாவட்டம், முகவரி, இனி இன்னார் என்று அறியப்படுவேன். ஆண் அறிவிப்புகள் எல்லாம் 'மகன்'. பெண் அறிவிப்புகளில் சில 'மகள்', சில 'மனைவி'. பெயரை மாற்றும் அறிவிப்பிலும் ஒரு ஆண் பெயரைச் சொல்லித்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. எனக்கு அது உறுத்துகிறது, ஆனால் அந்த ஒரு தாள் கையில் இருந்தால் பழைய பெயருக்கும் புதிய பெயருக்கும் நடுவே பாலம் கிடைத்துவிடும். அந்த மஞ்சள் பை அம்மாவிடம் இருந்திருந்தால் தாலுகா ஆபீஸ் போயிருக்க வேண்டாம்.

அறிவிப்பு வந்த இதழைப் பத்திரமாக வையுங்கள். பள்ளி, கல்லூரிச் சான்றுகளைத் தொடாதீர்கள், அவை அப்படியே இருக்கட்டும், கூடவே கெசட்டைக் காட்டினால் போதும். முதலில் ஆதார், அப்புறம் பான், பிறகு வங்கி. வரிசையை மாற்றினால் ஒவ்வொரு இடத்திலும் அடுத்ததைக் கேட்பார்கள்.

ஜனவரி 24

சொத்து பற்றி முதல் நாள் மாமனார் பக்கத்தை மட்டும் சொன்னேன். பிறந்த வீட்டுப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் "இனிஷியலை மாற்றிக்கொண்டு போனவளுக்கு இங்கே என்ன பங்கு" என்று பேசும் அண்ணன் தம்பிகளை நான் நிறையப் பார்த்துவிட்டேன்.

தமிழ்நாடு 1989இலேயே மகள்களுக்குப் பரம்பரைச் சொத்தில் மகன்களோடு சம உரிமை கொடுத்தது. ஆனால் அந்தத் திருத்தம் வருவதற்கு முன் கல்யாணமானவர்களுக்கு இல்லை. 2005 செப்டம்பர் 9 முதல் மத்தியச் சட்டம் அந்தக் கல்யாண வரம்பை எடுத்துவிட்டது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் மகளின் உரிமை பிறப்பால் வருவது, 2005இல் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை என்று தெளிவுபடுத்தியது. மகள் என்பது பிறப்பு. இனிஷியல் எதுவாக இருந்தாலும் அது மாறாது.

ஆனாலும் வாரிசுச் சான்றிதழுக்குத் தாலுகா ஆபீஸில் விண்ணப்பிக்கும்போது மகன்கள் பெயரெல்லாம் அப்பா இனிஷியலில் வரிசையாக இருக்கும், மகள் பெயர் மட்டும் வேறு எழுத்தில் இருக்கும். சண்டை போட நினைப்பவர்களுக்கு அது ஒரு பிடி. பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்து வாங்கும் நாளில் மட்டும் "நீ நம்ம வீட்டுப் பொண்ணும்மா" என்பார்கள்.

ஜனவரி 25

கேள்வி கேட்ட தங்கையிடமிருந்து பதில் வந்திருக்கிறது. பணிப்பதிவேட்டில் தன் பெயரை அப்பா இனிஷியலோடு கணவர் எழுதிவிட்டாராம். மாமனார் இன்னும் முணுமுணுக்கிறாராம். முணுமுணுக்கட்டும், ஆவணம் சரியாக இருக்கிறது. சந்தோஷம்.

அதோடு இன்னொரு கேள்வி: பிறக்கப் போகும் குழந்தைக்கு அம்மா, அப்பா இருவர் இனிஷியலும் வைக்கலாமா?

என் மகளுக்கு அப்படித்தான் வைத்தோம். பள்ளியில் சேர்க்கப் போனபோது தலைமையாசிரியர் நிமிர்ந்து பார்த்து, "அப்பா இருக்காரில்ல?" என்று கேட்டார். என் கணவர் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார். "இருக்கேன் சார், அவங்களும் இருக்காங்க, அதான் ரெண்டு எழுத்து" என்றார். தலைமையாசிரியரும் எழுதிக்கொண்டார். அவளுக்கு இதுவரை அந்தப் பெயரால் எந்த அலுவலகத்திலும் தடங்கல் வரவில்லை, ஏனென்றால் பிறப்புச் சான்றிலிருந்தே ஒரே மாதிரி இருக்கிறது.

மகாராஷ்டிரத்தில் 2024 மே 1 முதல் பிறக்கும் குழந்தைகளுக்கு அரசு ஆவணங்களில் குழந்தை பெயர், அம்மா பெயர், அப்பா பெயர், குடும்பப் பெயர் என்ற வரிசையைக் கட்டாயமாக்கிவிட்டார்கள். திருமணமான பெண்களுக்கு மட்டும் கணவர் பெயர் தொடரும் பழைய முறையே என்பதுதான் அதில் எனக்குப் பிடிக்காதது. அம்மாவாக இருப்பவளுக்குக் கொடுத்த இடத்தை மனைவியாக இருப்பவளுக்குக் கொடுக்கவில்லை. தந்தை இறந்த பிறகு குழந்தையின் குடும்பப் பெயரைத் தாய் தீர்மானிக்கலாம் என்று 2022 ஜூலையில் உச்ச நீதிமன்றமும் சொல்லியிருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது: பிறப்பைப் பதிவு செய்யும்போது குழந்தை பெயர் முடிவாகாவிட்டால் அவசரப்படாதீர்கள். 12 மாதத்துக்குள் கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம், அதற்குப் பிறகு 15 வருடம் வரை தாமதக் கட்டணத்தோடு சேர்க்கலாம். தாய் பெயர் என்ற கட்டத்தில் உங்கள் பத்தாம் வகுப்புச் சான்றில் உள்ள பெயரையே, அதே எழுத்தில் போடுங்கள். மருத்துவமனையில் வாயால் சொல்லாதீர்கள், எழுதுபவர் உங்கள் கணவர் இனிஷியலைப் பழக்கத்தில் சேர்த்துவிடுவார். மூன்று பேர் பெயரையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி, பிரசவத்துக்கு எடுத்துப் போகும் பையிலேயே வைத்துவிடுங்கள். சான்று கைக்கு வந்ததும் அங்கேயே நின்று ஒருமுறை படித்துப் பாருங்கள்.